துலக்கிய புட்டி

எங்கள் வீட்டை ஊரில் மழை வீடு என்பார்கள். தாத்தா காலத்திலிருந்து எங்கள் மொட்டைமாடியில் வானிலை அலுவலகத்தின் மழைமானி இருக்கிறது. தினமும் காலை எட்டரைக்கு மாடி ஏறி, விழுந்த மழையை அளவுக்குழாயில் ஊற்றிப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். அறுபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட விட்டுப்போனதில்லை. அப்பா இறந்த அன்று காலையிலும் மாடி ஏறி, ‘மழை இல்லை’ என்று எழுதிவிட்டுத்தான் கீழே வந்து அழுதேன். மழைக்காரரைக் கேட்காமல் மேகம்கூட நகராது என்று தெருவில் கேலி பேசுவார்கள். கேலிதான் என்றாலும் எனக்கு அது பிடிக்கும். எங்கள் பதிவேட்டில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது என்று எந்தச் சபையிலும் நிமிர்ந்து நின்று சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே இருபது மைலில் செம்பு உருக்காலை வந்தது. செம்புக் கல்லில் பாதிக்கு மேல் கந்தகமும் இரும்பும்தான். உலையில் வறுத்தால் கந்தகம் புகையாகப் போகும். முதல் இரண்டு வருஷம் ஆலையைச் சுற்றியிருந்தவர்கள் இருமித் தீர்த்தார்கள். மரங்கள் இலை கருகி நின்றன. உடனே புகைபோக்கியை மூன்று மடங்கு உயர்த்திக் கட்டினார்கள். அதோடு இருமல் நின்றது, எல்லாரும் கைதட்டினார்கள். மேலே போன புகை என்ன ஆகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அது மேகத்தோடு கலந்து கந்தக அமிலமாகி, காற்று போகும் பக்கம் போய், மழையோடு இறங்கியது. காற்று எங்கள் ஊரைத் தாண்டிக் கிழக்கே மலைக்குத்தான் போகும். மலையில் இரண்டு ஏரிகள், மேல் ஏரி, கீழ் ஏரி. கீழ் ஏரிக்கரையில் என் தம்பி மீன்குஞ்சு பொரிக்கும் கூடம் வைத்திருக்கிறான்.

ஆலை வந்த மூன்றாம் வருஷம் வானிலை அலுவலகம் எங்கள் மாடிக்கு இன்னொரு சாமானும் அனுப்பியது. வெள்ளைப் பிளாஸ்டிக் புனல் ஒன்று, அதன் கீழே மாட்டும் புட்டி இரண்டு, மழையின் புளிப்பைக் காட்டும் சின்னக் கருவி ஒன்று. கருவி ஏழு காட்டினால் புளிப்புமில்லை, உவர்ப்புமில்லை. மாசில்லாத மழையே காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருவதால் ஐந்தரைக்குக் கொஞ்சம் மேலே காட்டும். அதிலிருந்து ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். நான் எண்ணை எழுதிவிட்டு, பாதித் தண்ணீரைச் சிறு குப்பியில் அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அதை உறைய வைத்துப் பத்திரப்படுத்துவார்கள். ஆலைக்கும் மலைக்கும் நடுவில் இப்படிப் பார்க்கிற இடம் எங்கள் வீடு ஒன்றுதான்.

எங்கள் வீட்டு மழை எப்போதும் ஆறுக்கு மேலேயே இருந்தது. பதினொரு வருஷமும் அப்படித்தான்.

இதற்கிடையில் மேல் ஏரியில் வலையில் விழும் மீன் ஒவ்வொன்றும் முழங்கை நீளம் இருந்தது. எல்லாரும் கொண்டாடினார்கள். பெரிய மீன் மட்டும் கிடைக்கிறது, குஞ்சு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தவன் தம்பி ஒருவன்தான். புளித்த தண்ணீரில் முட்டை பொரியாது. இருக்கிற கிழட்டு மீன் சாகிற வரைக்கும் கொண்டாட்டம், அதன் பிறகு ஏரி காலி என்று அவன் ஊர் ஊராகச் சொன்னான். அப்படியே ஆயிற்று. மேல் ஏரி கண்ணாடிபோல் தெளிந்து, அடியில் கிடக்கிற கல் தெரிகிற அளவுக்குச் சுத்தமாகி, செத்துப்போனது.

ஏரிக்காரர்கள் மனுப் போட்டார்கள். புகையிலிருக்கும் கந்தகத்தைச் சுண்ணாம்புக் கரைசலால் கழுவி எடுக்கும் கருவியை ஆலை மாட்ட வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. விசாரணையில் என் பதிவேட்டைக் கேட்டார்கள். கொண்டுபோனேன். அதுவரைக்குமான ஏழு வருஷச் சராசரி ஆறு புள்ளி ஒன்று. என் தம்பி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து நின்று, எங்கள் பதிவில் பொய் கிடையாது என்றேன். மனு தள்ளுபடி ஆனது. ஆலையின் பெரிய அதிகாரி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த மாதம் அவர்கள் அச்சடித்த மலரில் எங்கள் வீட்டின் படம் வந்தது. அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். இதை மறைத்துப் பயனில்லை.

விசாரணை முடிந்த அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். என் மனைவி அவனுக்குச் சாப்பாடு போட்டாள். நல்லவிதமாகத்தான் பேச ஆரம்பித்தான். “அண்ணி கையில சிக்கினா எந்தத் தண்ணியும் சுத்தமாயிடும் போல” என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பில்லாமல் என்னைப் பார்த்து, “அண்ணா, உங்க புட்டியில ஏதோ கோளாறு இருக்கு. கோவப்படாம ஒரு தடவை பாருங்க” என்றான்.

என் வீட்டில் உட்கார்ந்து, என் சோற்றில் கைவைத்துக்கொண்டு, மூன்று தலைமுறைப் பதிவைக் குற்றம் சொல்கிறான் என்று எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. எழுந்து கையைக் கழுவச் சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். மறு வருஷம் என் மனைவி இறந்தபோது வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போகும்போது தெருவோடு சேர்ந்து பின்னால் நடந்தான்.

இந்த வருஷம் கீழ் ஏரியிலும் மீன் முட்டைகள் செத்து வெளுக்கத் தொடங்கின. மறுபடி மனு, மறுபடி விசாரணை. அதற்கு எட்டு நாள் முன்னால் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். ரசாயன ஆய்வாளர். காலில் சேற்றுச் செருப்பு, தோளில் கனமான பை. கேட்டைத் திறந்தவள் உள்ளே வராமல், தூணில் பதித்திருக்கும் சலவைக்கல்லைத் தடவிக்கொண்டு நின்றாள். தாத்தாவின் பெயரும் வீட்டின் பெயரும் வெட்டிய கல் அது.

“எழுத்து எப்ப ஐயா இப்படி மழுங்கிச்சு?” என்றாள்.

மட்டமான கல், ஏமாற்றிவிட்டான் என்றேன்.

“நல்ல கல்லுதான். சலவைக்கல் சுண்ணாம்பு ஜாதி. புளிச்ச மழை பட்டா கரையும்” என்றாள், யாரிடமோ விலாசம் கேட்பதுபோல் சாதாரணமாக.

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். பையிலிருந்து தாள்களை எடுத்துப் பரப்பினாள். பதினொரு வருஷமாக நான் அனுப்பிய குப்பிகளையெல்லாம் உருக்கி மறுபடி சோதித்திருக்கிறாள். அவற்றில் சோடியம் இருக்கிறதாம். இருக்கக் கூடாத அளவு. கடல் இங்கிருந்து நூற்றுக்கணக்கான மைல். கடல் உப்பாக இருந்தால் கூடவே குளோரைடும் இருக்க வேண்டும், அது இல்லை. அடுத்த தாளைத் தள்ளினாள். அதில் சல்பேட். அதுவும் மலைபோல் இருந்தது.

“புட்டியை எப்படிக் கழுவுனீங்க ஐயா?”

குறிப்பில் இருக்கிறபடிதான் என்றேன். அவள் தாள்களை மடிக்கவில்லை. காத்திருந்தாள். எனக்கு அந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது.

சாமான் வந்த பெட்டியில் ஒரு குறிப்பும் இருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும், சோப்பு, தூள், துணி எதுவும் படக்கூடாது என்று ஏழாவது வரியில் போட்டிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. என் மனைவி படித்தாள். அடுப்படியிலிருந்து தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, “வெறும் தண்ணி போதும்னு எழுதியிருக்கே?” என்று கேட்டாள். “நம்ம வீட்ல எந்தப் பாத்திரத்தை வெறும் தண்ணியில கழுவியிருக்கோம்? சர்க்கார் சாமான். பளிச்னு இருக்கணும்” என்றேன். அவள் இன்னொரு தடவை தாளைப் பார்த்தாள். அப்புறம் சரி என்றாள். அன்றிலிருந்து மழை பெய்த ஒவ்வொரு காலையும் அவள் சலவைச் சோடா போட்டுத் துலக்கி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள். அலசத்தான் செய்தாள். ஆனால் எத்தனை அலசினாலும் ஒரு பூச்சு ஒட்டிக்கொண்டிருக்கும் போலிருக்கிறது. அவள் போன பிறகு வேலைக்காரியும் அதையே செய்தாள்.

“எவ்வளவு சோடா இருந்தா எண் மாறும்?” என்று நான் கேட்டேன். அது ஏறக்குறைய ஒப்புக்கொண்ட மாதிரிதான். அவள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஒரு சிட்டிகையை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கே போதும் என்றாள். மழைத் தண்ணீரில் எதிர்த்து நிற்க ஒன்றுமே கிடையாதாம். இத்தனூண்டு சோடா பட்டதும் நாலே கால், ஆறாகிவிடுமாம். ஆனால் சோடா புளிப்பைத்தான் அடக்கும், கந்தகத்தை எங்கும் அனுப்பாது. அது சல்பேட்டாக அப்படியே குப்பியில் கிடக்கிறது.

“அதனால ஒண்ணும் கெட்டுப்போகலை ஐயா. சோடா போட்டுக் கழுவினதுன்னு கழுவினவங்க விவரமா சொல்லிட்டா, சோடாவைக் கழிச்சுட்டு நிஜமான எண்ணைக் கணக்குப் போட்டுடலாம். பதினொரு வருஷமும் சாட்சியாயிடும். சொல்லலைன்னா, சோடியமும் சல்பேட்டும் ஏதோ புழுதியில சேர்ந்து வந்ததுன்னு ஆலைக்காரங்க சொல்லிடுவாங்க. உங்க எண்ணு அப்படியே நிக்கும்.”

கீழ் ஏரி தாங்காதா என்று கேட்டேன். சுண்ணாம்புப் பாறை மலையாக இருந்தால் மண்ணே புளிப்பை வாங்கிக்கொள்ளுமாம். இந்த மலை கருங்கல். புளித்த தண்ணீர் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு ஏரிக்குள் போகிறது. அது மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைக்கிறது. இப்போதே ஆலை கழுவும் கருவியை மாட்டினால் கீழ் ஏரி பிழைக்கும், ஐந்து வருஷம் தள்ளினால் மேல் ஏரிக்குத் துணையாகப் போய்விடும் என்றாள். நான் விசாரணைக்கு வருகிறேன் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

எட்டு நாள் யோசித்தேன். சபையில் ஏறி என் மனைவி கழுவினாள் என்று சொன்னால், செத்தவள் பெயர் ஊர் வாயில் விழும். பெண்பிள்ளை புத்தி என்பார்கள். நான் சொல்லித்தான் செய்தாள் என்றால், குறிப்பைப் படிக்கக்கூடத் துப்பில்லாதவனா மூன்று தலைமுறைப் பதிவைக் காத்தான் என்பார்கள். கடைசியில் ஒரு வழி கண்டேன். நானே கழுவினேன், நானே கைதவறிச் சோடா போட்டேன் என்று சொல்வது. அவள் பெயரும் வராது, ஏரியும் பிழைக்கும். அந்த வழி எனக்கு நேர்மையாகவே தெரிந்தது. சட்டையை நானே தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

விசாரணைக் கூடத்தில் விசிறி சுற்றவில்லை. நடுவில் விசாரணை அதிகாரி, ஒரு பக்கம் ஆய்வாளர், எதிரே ஆலையின் வக்கீல். பின்வரிசையில் தம்பி. அவன் தலை முழுக்க நரைத்திருந்தது. நான் எழுந்து, சலவைச் சோடாவால் கழுவினேன், தவறு என்னுடையது என்றேன். கூடத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. ஆய்வாளர் பெண்ணின் முகம் மலர்ந்தது.

வக்கீல் மிகவும் மரியாதையானவர். நான் உட்காரலாம் என்றார். நான் நின்றேன். எவ்வளவு சோடா போடுவேன் என்று கேட்டார். ஒரு கைப்பிடி என்றேன். ஆய்வாளர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனை முறை அலசுவேன் என்றார். ஒரு முறை என்றேன். ஒரு கைப்பிடி போட்டு ஒரு முறை அலசினால் குப்பியில் இருக்க வேண்டிய சோடியம் எவ்வளவு என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார். அவள் சொன்ன எண், தாளில் இருந்ததைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல்.

“எதால தேய்ச்சீங்க ஐயா?”

“நாரால.”

அவர் மேசைக்கு அடியிலிருந்து அதேபோன்ற ஒரு புனலை எடுத்து வைத்தார். “இதோட கழுத்துல சுண்டுவிரல்கூட நுழையலையே. நார் எப்படி நுழைஞ்சுது?”

அந்தக் கழுத்தை நான் அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன். பதினொரு வருஷம் என் கையால் மாட்டிக் கழற்றிய புனல்.

“பெரியவர் வீட்டுல ஒரு டம்ளராவது கழுவியிருக்காரான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு” என்றார் வக்கீல், அதிகாரியைப் பார்த்து. கூடத்தில் சிரிப்பு. எங்கள் குடும்பத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. தம்பிக்காகச் சாட்சி சொல்ல வந்த அண்ணன் என்று அவர் முடித்தார்.

தம்பி எழுந்தான். “அண்ணிதான் கழுவுவாங்க. குச்சி நுனியில துணி சுத்தி, சோடாவைத் தொட்டுத் தேய்ப்பாங்க. மூணு தண்ணி விடுவாங்க. நான் என் கண்ணால பார்த்திருக்கேன்.”

மனுக்காரரின் சொல்லைச் சாட்சியாக எடுக்க முடியாது என்றார் அதிகாரி. பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவர் சொல்வது சரியா, ஆமா இல்லையா, ஒரு வார்த்தை போதும் என்றார்.

“என் வீட்டுப் பொம்பளைங்க பேச்சு இந்த இடத்துல வேண்டாம்” என்றேன்.

“ஒரு வார்த்தைதான் ஐயா.”

ஆய்வாளர் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி என்னைப் பார்க்கவில்லை. அவன் அந்தப் புனலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லை” என்றேன்.

என் சாட்சியை ஏற்பதற்கில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். சோடியமும் சல்பேட்டும் புழுதியோடு வந்திருக்கலாம். மழை வீட்டின் பதிவேட்டில் உள்ள எண்கள் அப்படியே நிற்கும். ஆலை கருவி மாட்டத் தேவையில்லை. அடுத்த பரிசீலனை ஐந்து வருஷம் கழித்து. அந்த மாதக் கடைசியில் எழுபதாண்டை நெருங்கும் சேவைக்கு வானிலை அலுவலகம் பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. தாத்தாவின் பெயர், அப்பாவின் பெயர், என் பெயர். எங்கள் கௌரவத்துக்கு ஒரு கீறல் விழவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் நான் மாடியில் உட்கார்ந்து புட்டியையும் புனலையும் காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசினேன். ஏழாவது வரியில் போட்டிருந்தபடி, என் மனைவி படித்துச் சொன்னபடி, மூன்று முறை. வேலைக்காரி சோடா போட்டுத் துலக்குவதை நிறுத்தச் சொன்னேன். மறுநாள் கருவி நான்கு புள்ளி இரண்டு காட்டியது. எழுதினேன். அடுத்த மழை நான்கு புள்ளி மூன்று. அதற்கடுத்தது மறுபடி நான்கு புள்ளி இரண்டு. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: தங்கள் கருவி பழுதடைந்ததாகத் தெரிகிறது, வேறு அனுப்புகிறோம். புதுக் கருவியும் நான்கு புள்ளி இரண்டே காட்டியது. குறிப்புப் பகுதியில், இதற்கு முன் சோடா போட்டுத் துலக்கப்பட்டது, துலக்கியவள் என் மனைவி, அவளுக்குப் பின் வேலைக்காரி, துலக்கச் சொன்னவன் நான் என்று எழுதி, ஆய்வாளர் பெண்ணுக்கு ஒரு நகல் அனுப்பினேன். கிடைத்தது, கோப்பில் சேர்த்திருக்கிறேன் என்று மட்டும் பதில் போட்டாள். வேறென்ன எழுதுவாள்.

பிறகு ஒரு காலை பேருந்து ஏறி மலைக்குப் போனேன். நான்கு வருஷத்துக்குப் பிறகு. கீழ் ஏரிக்கரையில் ஒரு குடும்பம் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு சுத்தமான தண்ணி என்று அதில் ஒரு பெண்பிள்ளை வியந்துகொண்டிருந்தாள். தண்ணீர் போன தடவை நான் பார்த்தபோது பச்சையாக, கலங்கலாக இருந்தது. இப்போது அடிமணல் தெரிந்தது.

பொரிப்புக் கூடத்தில் ஆறு தொட்டிகளில் ஐந்து காய்ந்து கிடந்தன. தம்பி ஆறாவது தொட்டியின் முன் குனிந்து, தட்டில் பரப்பிய முட்டைகளிலிருந்து வெளுத்ததை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். உயிருள்ள முட்டை கண்ணாடி மணிபோல் இருக்கும். செத்தது சுண்ணாம்பு உருண்டை மாதிரி. அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டையையும் கொல்லும். நான் வந்ததைப் பார்த்தான். நிமிரவில்லை.

சொல்ல வந்ததை நின்றபடியே சொன்னேன். “அவதான் கழுவினா. நான்தான் சொல்லி அப்படிக் கழுவ வெச்சேன். நீ சொன்னது சரி.”

இடுக்கி நிற்கவில்லை.

“எனக்குத் தெரியும் அண்ணா” என்றான். “எனக்கு எதுக்குச் சொல்றீங்க?”

அவன் மனைவி உள்ளேயிருந்து வந்து, வாங்க என்று கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்தாள். குழாய்த் தண்ணீர் செம்புக் குழாயை அரித்துப் பச்சையாக வருகிறது, அதனால் புட்டித் தண்ணீர்தான் என்றாள். குடித்தேன். நிக்கிறதா இருந்தா அந்தத் தட்டைச் சாய்க்காமப் பிடிங்க என்றான் தம்பி.

பிடித்தேன். அவன் பொறுக்கிக்கொண்டே இருந்தான். முதலில் வெளுத்ததைத்தான் எடுத்தான். மீதியும் வெளுத்துக்கொண்டே வந்தது; மதியத்துக்குள் வெளுக்காதது எங்கே இருக்கிறது என்று இரண்டு பேரும் தேட வேண்டியிருந்தது.